டீன் தெருப் பட்டறை
(பொற்கொல்லர் பால் ஸ்டோர் வரலாறு: அத்தியாயம் 5)

லண்டன் மாநகரில் வெள்ளிப் பாத்திரங்களுக்கு நகாசு வேலை செய்து பிழைத்த தாமஸ் ஸ்டோரின் மகன் பால் ஸ்டோர், 1785-ஐ ஒட்டித் தொழில் பயிலச் சேர்ந்ததையும், 1792 மே 2-ஆம் தேதி வில்லியம் பிரிஸ்பி என்ற கூட்டாளியோடு சேர்ந்து பொற்கொல்லர் மண்டபத்தில் தம் முதல் முத்திரையைப் பதிந்துகொண்டதையும், எட்டு மாதங்களுக்குப் பின், 1793 ஜனவரி 12-ஆம் தேதி, தம் பெயரை மட்டுமே குறிக்கும் தனி முத்திரையோடு சோஹோ வட்டாரத்தில் தொழில் தொடங்கியதையும் முந்திய அத்தியாயங்களில் கண்டோம்.

1796-இல் பிக்கடிலியை அடுத்த ஏர் தெருவுக்கு அவர் குடிபெயர்ந்தார். அங்கிருந்தபோதுதான் போர்ட்லண்டு பிரபுவின் பேரக் குழந்தையுடைய ஞானஸ்நானத்துக்கென 22 காரட் தங்கத்தில் நீர்த்தொட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். நைல் போரில் வென்ற நெல்சனுக்குப் பரிசாக வழங்கப்பட்ட கிண்ணமும் அவர் பட்டறையிலிருந்தே புறப்பட்டது. 1801-இல், பியானோவும் ஆர்கனும் செய்யும் பேயர் குடும்பத்துப் பெண்ணான எலிசபெத்தை மணந்தார்.

இப்போது 1807-ஆம் ஆண்டுக்கு வருகிறோம். ஸ்டோருக்கு முப்பத்தாறு வயதை ஒட்டி நடக்கிறது. கைக்குப் பேர் கிடைத்துவிட்டது; கடனுக்கு அஞ்ச வேண்டிய நிலையும் இல்லை. தமக்கென்று ஒரு பட்டறையும் ஒரு முத்திரையும் உள்ள அந்த மனிதரைத் தேடி, லண்டனிலேயே பெரிய நகை வியாபார ஸ்தாபனத்தின் அழைப்பு வருகிறது.

* * *

லட்கேட் ஹில்லில் ஒரு கடை

செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே, லட்கேட் ஹில் என்ற வீதியில், பொன் மீன் சின்னத்தின் கீழ் நடந்துவந்த அந்தக் கடைக்கு ரண்டல், பிரிட்ஜ் அண்டு ரண்டல் என்பது பெயர். பாத் நகரத்தை அடுத்த கிராமம் ஒன்றில் 1746-இல் பிறந்து, நகைக்கடை வேலையாளாகவே லண்டனுக்கு வந்து, கடைசியில் அந்தக் கடைக்கே உரிமையாளரான பிலிப் ரண்டல், அதன் மூத்த பங்காளி. இரண்டாமவர் ஜான் பிரிட்ஜ். மூன்றாவதாகப் பெயரில் வரும் ரண்டல், மூத்தவரின் உறவினர்.

முதல் இருவரின் சுபாவங்களும் நேர் எதிரானவை. ரண்டல் வைரத்தை மதிப்பிடுவதில் நிகரற்றவர், ஆனால் சிடுசிடுப்பும் கோபமும் மிகுந்தவர். பிரிட்ஜோ பணிவே உருவானவர். அரண்மனைப் படிகளில் அவர் வளைந்து நின்று பேசிய பேச்சுக்கே பாதி வியாபாரம் படிந்தது என்பார்கள். கடையில் வேலை பார்த்தவர்கள் முன்னவருக்குக் காடி என்றும் பின்னவருக்கு எண்ணெய் என்றும் பெயர் வைத்திருந்ததாக, அங்கேயே பணியாற்றிய ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர், தாம் எழுதி வைத்துப் போன கையெழுத்துப் பிரதியில் குறித்திருக்கிறார். அந்த ஸ்தாபனத்தின் உள்வாழ்வை நமக்குக் காட்டும் முதன்மையான ஆதாரம் அந்தப் பிரதியே.

பிரெஞ்சுப் புரட்சியில் உயிர் தப்பி ஓடிவந்த பிரபுக் குடும்பங்கள், வயிற்றுப் பாட்டுக்காகத் தங்கள் பரம்பரை நகைகளை லண்டனில் விற்றபோது, கையில் ரொக்கத்தோடு காத்திருந்து அவற்றை வாங்கிச் சேர்த்ததில் அந்தக் கடை பெருத்தது. 1797-இல் அரச குடும்பத்தின் பொற்கொல்லர்களாக நியமனம் கிடைத்தது. 1804-இல் அந்த நியமனம் மேலும் உயர்ந்தது. நெப்போலியனோடு நடந்த யுத்தமோ ஒவ்வொரு கடல் வெற்றிக்கும் ஒரு பரிசுக் கிண்ணத்தைக் கேட்டது.

ஆர்டர்கள் குவிந்தன, செய்து தரக் கை வேண்டுமே! 1802 முதல் கிரீனிச்சில் பெஞ்சமின் ஸ்மித்தும் டிக்பி ஸ்காட்டும் சேர்ந்து நடத்திய பட்டறையே ரண்டலின் பெரிய வேலைகளைச் செய்து கொடுத்துவந்தது. 1807-இல் அந்த இருவரின் கூட்டு கலைந்தது. அரசருடைய பொற்கொல்லர்கள் எனப் பெயர் பொறித்துக்கொண்ட ஸ்தாபனத்துக்கு, அந்தப் பெயருக்கு ஏற்ற வேலை செய்யக்கூடிய முதல்தரக் கைவினைஞர் ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார்.

* * *

1807 ஆகஸ்டு 21

பொற்கொல்லர் மண்டபத்தின் பதிவேட்டில் அந்தத் தேதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. பால் ஸ்டோர், புதிய முத்திரை, விலாசம் சோஹோ, டீன் தெரு, 53-ஆம் எண்.

அவ்வளவுதான். ஒப்பந்தம் என்ன, ஊதியம் என்ன, யார் யாரிடம் முதலில் பேசினார்கள் என்பதைப் பற்றிப் பதிவேடு ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. மாற்றுக் குறைந்த வெள்ளியை யாரேனும் சந்தைக்கு அனுப்பினால் அவரைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட ஏடு அது. 1363 முதல் இங்கிலாந்துப் பொற்கொல்லர் ஒவ்வொருவரும் தம் வேலையில் தம் அடையாளத்தை அடிக்கக் கடமைப்பட்டவர். நூற்றுக்கு 92.5 பங்கு தூய வெள்ளி இருக்க வேண்டும் என்ற விதியை மீறினால், அந்த அடையாளமே அவரைக் காட்டிக் கொடுக்கும்.

ஆனால் பொற்கொல்லரைத் தண்டிக்க ஏற்பட்ட அந்தச் சட்டமே, காலக்கிரமத்தில் பொற்கொல்லரைக் காப்பாற்றும் சாசனமாக மாறிவிட்டது என்பதுதான் இந்த வரலாறு முழுவதிலும் நாம் திரும்பத் திரும்பக் காணும் அதிசயம். ஓவியர் தம் படத்தில் கையொப்பமிடாமல் போகலாம். சிற்பியின் பெயரைக் கோயிற்சுவர் மறந்துவிடலாம். இங்கிலாந்துப் பொற்கொல்லரின் முத்திரை மட்டும், அரசாங்கமே பார்த்து ஒப்புக்கொண்ட சாட்சியாக, பாத்திரம் உருக்கப்படாத காலம்வரை அழியாமல் நிற்கிறது.

ஸ்டோர் அந்த அழைப்பை ஏற்று, ஏர் தெருவில் பதினோரு ஆண்டுகளாக நடத்திவந்த பட்டறையை விட்டு டீன் தெருவுக்கு வந்தார். ரண்டல் ஸ்தாபனத்தின் வேலைக்கென்றே ஏற்பட்ட அந்தப் பட்டறைக்கு அவர் தலைவர். ஆயினும் பொருள்களில் அடிக்கப்பட்டது அவருடைய ‘பி.எஸ்.’ முத்திரைதான். ஆறு மாதங்களுக்குள், 1808 பிப்ரவரி 10-ஆம் தேதி, மீண்டும் ஒரு புது முத்திரை பதிவாகிறது. பட்டறை எத்தனை வேகமாக வளர்ந்தது என்பதற்கு இந்த நெருக்கமான பதிவுகளே அத்தாட்சி என்று நான் கருதுகிறேன். ஏனெனில் பல கைகள் ஒரே சமயத்தில் வேலை செய்யும் இடத்தில் அச்சுக்களும் பலவாக வேண்டும், ஓயாமல் அடிபடும் அச்சு தேய்ந்தும் போகும்.

* * *

கவிஞர் சொன்ன கிண்ணம்

டீன் தெருவில் நடந்த வேலை எத்தன்மையது என்பதை உணர, ஒரே ஒரு கலத்தை எடுத்துக்கொண்டு சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த தியோக்ரிட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞர், இடையர்களின் வாழ்வைப் பாடியவர். அவருடைய முதற் பாட்டில் ஆட்டிடையன் ஒருவன், பாடினால் பரிசாகத் தருகிறேன் என்று ஒரு மரக்கிண்ணத்தைக் காட்டி, அதில் செதுக்கியுள்ள காட்சிகளை வருணிக்கிறான். ஒரு பெண்ணின் இரு மருங்கிலும் அவளைக் காதலிக்கும் இரண்டு ஆடவர். திராட்சைத் தோட்டத்தைக் காவல் காக்க வந்து, அதை மறந்து, புல்லைக் கொண்டு கூடு பின்னுவதில் மெய்மறந்திருக்கும் ஒரு சிறுவன். அவனுக்குத் தெரியாமல் வேலையைக் காட்டும் நரிகள்.

சொல்லில் மட்டுமே இருந்த அந்தக் கிண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஜான் பிளாக்ஸ்மன். ரோமாபுரியில் பல ஆண்டுகள் தங்கிப் பழைய சிற்பங்களைக் கற்ற மகா சிற்பியான அவரைச் சித்திரம் வரைந்து தருவதற்கென ரண்டல் ஸ்தாபனம் அமர்த்தியிருந்தது. அவர் வரைந்த கோட்டை வெள்ளியில் புடைப்புச் சித்திரமாக எழுப்பிப் பொன்முலாம் பூசி, கையில் ஏந்தக்கூடிய பொருளாக ஆக்கியது ஸ்டோரின் பட்டறை. 1812-ஐ ஒட்டி, ராணி சார்லட் தம் மகனும் ராஜப்பிரதிநிதியுமான வேல்ஸ் இளவரசருக்கு அதைப் பரிசளித்தார்.

கோட்டுச் சித்திரத்தைக் கலமாக்குவது இன்னதென்று நம் ஊர்ப் பட்டறைகளில் நகாசு வேலையை நேரில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உருக்கி வார்க்க வேண்டியதற்கு முதலில் மாதிரி செய்ய வேண்டும். தட்டியெடுக்க வேண்டியதற்குத் தகடு கிழியாமல் பதமாகக் காய்ச்சிக் காய்ச்சிச் சுத்தியால் உயர்த்த வேண்டும். பற்றவைத்த இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. பாதரசத்தோடு கலந்த பொன்னைப் பூசித் தீயில் காட்டும்போது எழும் ஆவி, அதைச் சுவாசிப்பவரின் ஆயுளையே குறைக்கும். இவ்வளவுக்குப் பிறகும், அந்தச் சிறுவனின் முகத்தில் பின்னல் வேலையில் ஆழ்ந்துபோன குழந்தையின் கவனம் தெரியவில்லையானால், செலவிட்ட வெள்ளியும் பொன்னும் உழைப்பும் வீண்.

இதே பட்டறையில்தான், ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் மாளிகைத் தலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட வார்விக் சாடி என்ற மாபெரும் சலவைக்கல் கலத்தின் சாயலில், மதுப் புட்டிகளைக் குளிரவைக்கும் வெள்ளிக் கலங்கள் இளவரசரின் விருந்துமேஜைக்காக உருவாயின. கனமான, விஸ்தாரமான, பழைய ரோமாபுரியின் கம்பீரத்தை நினைவூட்டும் பாத்திரங்களே அக்காலத்து ருசியாக இருந்தன. அந்த ருசிக்கு ஸ்டோரைப்போல ஈடுகொடுத்தவர் வேறு எவரும் இல்லை.

* * *

இரண்டு பெயர்கள்

இனி அந்தக் கலங்களைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்போம்.

அரசருக்கும் வேல்ஸ் இளவரசருக்கும் பொற்கொல்லர்களான ரண்டல், பிரிட்ஜ், ரண்டல் என்று லத்தீன் மொழியில், பெரிய எழுத்துக்களில், பலவற்றில் வரிவடிவாகப் பொறித்திருக்கிறது. அதற்குச் சிறிது தள்ளி, நடக்கும் சிங்கம், முடிசூடிய சிறுத்தைத் தலை, ஆண்டு எழுத்து, வரி செலுத்தியதற்கு அடையாளமான அரசர் தலை ஆகிய அரசாங்க முத்திரைகளின் நடுவே, விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய அளவில், ‘பி.எஸ்.’ என்ற இரண்டு எழுத்துக்கள்.

விருந்து மண்டபத்தில் அமர்ந்த எந்தப் பிரபுவும் அந்த இரண்டு எழுத்துக்களைத் தேடியிருக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது ரண்டலின் வேலை. பணம் கொடுத்தது ரண்டலிடம், பாராட்டியதும் ரண்டலை. சிற்பி பிளாக்ஸ்மனின் கீர்த்தி தனியே இருந்தது. நடுவில் நின்று, ஒருவரின் கற்பனையை மற்றொருவரின் வியாபாரமாக மாற்றிய மனிதர் மட்டும், சட்டம் கட்டாயப்படுத்திய அளவுக்கே வெளியே தெரிந்தார்.

1811-இல் அவருடைய அந்தஸ்து உயர்ந்தது. டீன் தெருப் பட்டறை ‘ஸ்டோர் அண்டு கம்பெனி’ என்ற தனிக் கூட்டாக அமைக்கப்பட்டது. ரண்டலும் பிரிட்ஜும், மாதிரிகள் செய்யும் சிற்பி வில்லியம் தீடும் அதில் பங்காளிகள். பெயரளவில் ஸ்டோர் இப்போது முதலாளிகளில் ஒருவர். ஆனால் என்ன செய்ய வேண்டும், எந்தச் சித்திரத்தைப் பின்பற்ற வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் இடம் லட்கேட் ஹில்லாகவே இருந்தது. வாங்க வருபவரின் முகத்தை ஸ்டோர் பார்க்க வேண்டிய அவசியமே எழவில்லை.

இந்த ஏற்பாட்டில் அநியாயம் என்று சொல்ல எதுவும் இல்லை என்று வாதிப்பவர் உண்டு. வெள்ளி வாங்கும் முதல், சிறந்த சிற்பிகளின் சித்திரங்கள், அரண்மனையின் ஆதரவு இவை மூன்றையும் ரண்டல் கொண்டுவந்திராவிட்டால், தியோக்ரிட்டஸ் கிண்ணம் போன்றதொரு பொருளைச் செய்யும் சந்தர்ப்பமே ஸ்டோருக்கு வாய்த்திராது. அது உண்மை. ஆனால் ஏர் தெருவில் தங்க நீர்த்தொட்டியைச் செய்தபோது அவருக்குப் பின்னால் ரண்டல் இல்லை என்பதும் உண்மை.

* * *

1819 மார்ச்சு 4

1813 அக்டோபர் 21, 1817 செப்டம்பர் 12 என்று முத்திரைப் பதிவுகள் தொடர்கின்றன. வெளியுலகில் மாறுதல்கள் நேர்ந்துகொண்டிருந்தன. 1815-இல் யுத்தம் முடிந்தது. வெற்றிப் பரிசுகளின் காலமும் அதோடு முடிந்தது. வெள்ளிப் பாத்திரங்களின் மீதிருந்த வரி, அதே ஆண்டில் அவுன்ஸுக்கு ஒன்றரை ஷில்லிங்காக உயர்ந்தது. 1817-இல் பங்காளியான தீட் காலமானார். பெரிய குடும்பத்தின் தலைவரான ஸ்டோர், ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். எலிசபெத்துக்கும் அவருக்கும் பிறந்த குழந்தைகள் மொத்தம் பத்துப் பேர்.

இந்த நிலையில், 1819 மார்ச்சு 4-ஆம் தேதி, பொற்கொல்லர் மண்டபத்தின் ஏட்டில் ஒரு விலாச மாற்றம் பதிவாகிறது. பால் ஸ்டோர், டீன் தெருவிலிருந்து கிரேஸ் இன் சாலையை அடுத்த ஹாரிசன் தெருவுக்கு.

பதினொன்றரை ஆண்டு உறவு அந்த ஒரு வரியில் முடிந்தது.

அதே ஏட்டில், அதே 1819 மார்ச்சு 4-ஆம் தேதியில், இன்னொரு பதிவும் இருக்கிறது. பிலிப் ரண்டல் தம் பெயரில் ஒரு முத்திரையைப் பதிந்துகொள்கிறார். விலாசம், டீன் தெரு. எழுபத்து மூன்று வயதுவரை பொற்பட்டறையின் சுத்தியைப் பிடித்து வேலை செய்யாத வைர வியாபாரி, அன்று முதல் சட்டத்தின் கண்ணில் வெள்ளி வேலைக்காரராகிறார்.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான், உயிரற்றதாகத் தோன்றும் ஏடு பேசத் தொடங்குகிறது. ஸ்டோர் விலகியது திடீரென்று அறுந்துபோன உறவு அன்று. நாள் குறித்துச் செய்துகொண்ட பிரிவினை. ஒருவர் வெளியேறும் நாளிலேயே மற்றவர் உள்ளே நுழைய வேண்டும். இல்லாவிட்டால் டீன் தெருவில் முடிந்திருக்கும் கலங்களைச் சோதனைக்கு அனுப்ப அங்கே ஒரு முத்திரை இராது. பட்டறை ரண்டலுடையது, மாதிரிகள் ரண்டலுடையவை, பிளாக்ஸ்மனின் சித்திரங்களும் ரண்டலுடையவை. ஸ்டோர் எடுத்துக்கொண்டு போகக்கூடியதாக அங்கே இருந்தவை, அவருடைய கையும் அவருடைய முத்திரையும் மட்டுமே.

அதன்பின் டீன் தெருவிலிருந்து வெளிவந்த கலங்களில் பழைய லத்தீன் வரி தொடர்ந்தது. பழைய மாதிரிகளும் தொடர்ந்தன. முத்திரையில் மட்டும் ‘பி.எஸ்.’ என்றிருந்த இடத்தில் ‘பி.ஆர்.’ என்று வந்தது. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் அந்த ஓர் எழுத்தின் பின்னால், செய்தவர் பெயரும் விற்றவர் பெயரும் வெவ்வேறாக இருந்த ஒரு காலம் முடிந்து, விற்றவர் பெயரே செய்தவர் பெயராகவும் நின்ற புதிய காலம் தொடங்கிவிட்டது. 1821-இல் முடிந்த, பிளாக்ஸ்மனின் மகத்தான படைப்பாகிய அக்கிலீஸ் கேடயத்தில் அடிக்கப்பட்டது ரண்டலின் முத்திரைதான்.

* * *

ஏன் விலகினார்?

கலையில் சுதந்திரம் இழந்ததாக ஸ்டோர் உணர்ந்ததே காரணம் என்பது ஆராய்ச்சியாளரிடையே வழங்கும் அபிப்பிராயம். நம் நாட்டுக் கதாசரித்சாகரத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்த பென்ஸர் என்ற அறிஞர்தான், 1954-இல் ஸ்டோரைப் பற்றி முதல் விரிவான நூலை வெளியிட்டு, அவரைப் பொற்கொல்லர் பரம்பரையின் கடைசி மனிதர் என்று தலைப்பிலேயே குறித்தவர்.

சுதந்திர இழப்பே காரணம் என்ற அபிப்பிராயத்தோடு நானும் உடன்படுகிறேன். உடன்படுவதற்கு எனக்குள்ள ஆதாரம் இளமைக்காலத்துப் பதிவுகளே. 1793-இல் பிரிஸ்பியின் கூட்டைவிட்டுத் தனியாகப் போன அந்த இருபத்திரண்டு வயது வாலிபரும், 1819-இல் அரண்மனை ஆதரவையே விட்டுவிட்டுப் போன இந்தக் குடும்பஸ்தரும் ஒரே மனிதர்தாம். இரண்டு முறையும் அவர் தேர்ந்தெடுத்தது லாபத்தை அன்று. தம் முத்திரைக்கும் தம் சித்தத்துக்கும் இடையே வேறொருவர் நிற்காத நிலையையே.

ஆனால் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஸ்டோர் விலகி ஓராண்டு ஆவதற்குள், 1820 ஜனவரி 29-ஆம் தேதி, ராஜப்பிரதிநிதி அரசரானார். 1821 ஜூலையில் நடந்த முடிசூட்டு விழா, பெரும் ஆடம்பரத்தோடு நடைபெற்றது. அதற்கான வேலைகள் போன இடம் லட்கேட் ஹில்.

ஹாரிசன் தெருவிலோ, வாடிக்கையாளர் வந்து பார்க்கும் கடை ஒன்றும் இல்லை. பிரபுக்கள் வண்டியில் வந்து இறங்கும் பாண்டு தெருவும் பிக்கடிலியும் அங்கிருந்து தொலைவு. பதினொன்றரை ஆண்டுக்காலம் வாங்குபவரைச் சந்திக்காமலே வேலை செய்து பழகிய கைவினைஞர், தம் பொருளைத் தாமே விற்றாக வேண்டும்; அல்லது விற்றுத் தரும் இன்னொருவரைத் தேடிக்கொள்ள வேண்டும்.

1822-இல் அவர் அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டார். பாண்டு தெருவில் 13-ஆம் எண்ணில் கடை. கூட்டாளியின் பெயர் ஜான் மார்ட்டிமர். கைவன்மையில் குறையொன்றும் இல்லாத ஸ்டோர், மனிதரைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே நிதானத்தைக் காட்டினாரா? ஒரு வியாபாரியிடமிருந்து விடுதலை பெற்றவர், மற்றொரு வியாபாரியின் பிழைகளுக்குப் பொறுப்பாளியாகப் போகிறாரா? அடுத்த வாரம் பார்ப்போம்.